ஏழாம் மேசையில் அன்று உண்ணாமலை இல்லை

முப்பத்தோர் ஆண்டுகள் முகம் சுளிக்காமல் முன்னின்று உழைத்த முதல்வியே! கண்ணுக்குத் தப்பிய கீறலையும் காதால் பிடித்த கைதேர்ந்த காவலரே! வெள்ளை ஓட்டுக்குள் ஓடும் விரிசலை விரலும் செவியுமாய் விசாரித்து விலக்கிய வித்தகியே! நாமக்கல் சீமையின் நாணயமே! எங்கள் தரம்பிரிக்கும் கூடத்தின் நடுநாயகமே! உண்ணாமலை அம்மையே! பணி நிறைவு பெறும் இந்நாளில் தங்களைப் பணிந்து, பாசத்தாலும் பதைப்பாலும் நாங்கள் படிக்கும் மடல் இது.

இதற்குமேல் ‘தாங்கள், தங்கள்’ என்று நேருக்கு நேர் புகழ்ந்துகொண்டே போனால் உண்ணாமலை அக்கா மேடையை விட்டு இறங்கிப் போய்விடுவார். போன பொங்கல் விழாவில் அவரைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்ல மைக்கைப் பிடித்தபோது, “எனக்கு ஊட்டுல வேல கெடக்குதுங்க” என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர் அவர். ஆகவே அவையோரே, அவரைப் பற்றி உங்களிடம் சொல்கிறோம். அவர் ஓரமாக உட்கார்ந்து கேட்கட்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அலுவலகம் பொன் எழுத்தில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருக்கும் மடல் இதுவல்ல. அது அதோ மேசைமேல் பூமாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைத்தான் எங்களில் ஒருத்தியான சரிதா படிக்க வேண்டும் என்று ஏற்றுமதி மேலாளர் சபரிநாதன் அவர்கள் நேற்று கொடுத்தார். அதன் மூன்றாம் பத்தியில் இப்படி ஒரு வாக்கியம்: “முதுமையால் ஒருமுறை தங்கள் செவி தவறியபோதும், தங்களைத் தாய்போல் அரவணைத்தது இந்நிறுவனம்.” படித்ததும் எங்கள் பதினான்கு பேருக்கும் உடம்பெல்லாம் எரிந்தது. பாராட்டு மடலுக்குள்ளேயே பழியை வைத்துச் சட்டம் போடுவார்களா? அதை அவரே வாங்கிக்கொண்டு போய், அவர் வீட்டுச் சுவரில், அவரே ஆணி அடித்து மாட்டிக்கொள்ள வேண்டுமாம்! போகிற வருகிற உறவுக்காரர்கள் எல்லாம் படித்துப் பார்த்து, “ஓகோ, காது போயிருச்சா” என்று கேட்க வேண்டுமாம்! அதை நாங்கள் படிக்கமாட்டோம். அவர் செவி தவறவில்லை. எப்படி என்று கேளுங்கள்.

பனமரத்துப்பட்டியில் பிறந்து, புதுச்சத்திரத்தில் வாக்கப்பட்டு, இருபத்தேழு வயதில் இந்தக் கூடத்துக்குள் நுழைந்தார் உண்ணாமலை. அன்று இங்கே குளிர்சாதனமும் கிடையாது, முட்டைகளை நகர்த்திக்கொண்டு போகும் பட்டையும் கிடையாது. தகரக் கொட்டகையும் நாலு குண்டு பல்பும்தான். பண்ணையிலிருந்து வரும் முட்டையை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, நல்லதை அட்டையில் அடுக்கி, கீறியதை ஒதுக்குவது வேலை. விளக்குக்குத் தெரியும் கீறல் உண்டு, தெரியாத கீறலும் உண்டு. தலைமயிரைவிட மெல்லியதாய் ஓட்டில் ஓடியிருக்கும். கப்பலில் மூன்று வாரம் குலுங்கிப் போகும்போதுதான் அது வாயைத் திறக்கும். அந்தக் கீறலைப் பிடிக்க உண்ணாமலை தன் காதைப் பழக்கினார். மூன்று முட்டைகளை உள்ளங்கையில் வைத்து, ஒன்றோடொன்று மெல்ல உரசும்படி உருட்டுவார். நல்ல முட்டை ‘டிக்’ என்று சொல்லும். கீறிய முட்டை மங்கலாய், தொண்டை கட்டியவர் பேசுவது போல ஒரு சத்தம் போடும். அதைக் கேட்டதும் அவர் கை தானாகவே அந்த ஒன்றைப் பிரித்து எடுத்துவிடும். முகத்தைக்கூடத் திருப்பமாட்டார், வாய் பாட்டுக்கு எங்களோடு கதை பேசிக்கொண்டிருக்கும். கூடத்தில் பதினைந்து மேசைகள். ஏழாம் மேசை அவருடையது. எங்கள் பதினான்கு பேருக்கும் இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்த மேசையும் அதுதான்.

ஒவ்வொரு பெட்டியிலும் பன்னிரண்டு அட்டை அடுக்கியதும் உள்ளே ஒரு சீட்டு வைப்போம். அதில் தேதியையும் மேசை எண்ணையும் கையால் எழுதியிருப்போம். எந்தக் கரையில் பெட்டியைத் திறந்தாலும் இது யார் பார்த்த முட்டை என்று தெரிந்துவிடும். மாலையில் எண்ணுக்கு இத்தனை பெட்டி என்று ஏட்டில் எழுதுவார்கள். சீட்டு இல்லாதவருக்கு அன்றைய நாள் ஏட்டில் ஏறாது, கூலியும் கிடையாது. இங்கேதான் எங்கள் கூடத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது சட்டப்படி சரியில்லை. மேலாளர் அவர்கள் காதைப் பொத்திக்கொண்டாலும் சரி, சொல்கிறோம். யாராவது வர முடியாமல் போனால், மற்றவர்கள் ஆளுக்கொரு பெட்டியில் அவர் எண் சீட்டைப் போட்டுவிடுவோம். இதைத் தொடங்கி வைத்ததே உண்ணாமலை அக்காதான். சரிதாவின் குழந்தை சேலத்து ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தபோது, ஒன்பது நாளும் சரிதாவின் சீட்டு பெட்டிக்குள் போனது. ஆனால் அக்கா அதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். “அடுத்தவ பேர்ல போற பொட்டிய, உம்பட பொட்டியவிட ரெண்டு மடங்கு பார்த்து அனுப்போணும். அவ இல்லாதப்ப அவ பேரு கெடக்கூடாது பாரு” என்பார். அப்படிப்பட்ட பெட்டிகளைத் தானே ஒருமுறை திறந்து உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் மூடவிடுவார்.

இனி ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு வருவோம். ‘உலகை வென்ற தொழில்வேந்தர்கள்’ என்று பெயர். வாரம் ஒரு நாடு, வாரம் ஒரு முதலாளி. எங்களுக்கு ஊக்கம் வரட்டும் என்று சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பெரிய தொலைக்காட்சிப் பெட்டியை மாட்டி, மதியம் தோறும் ஒரு பகுதி போட உத்தரவு போட்டார் முதலாளி பூபதி அவர்கள். பிரேசிலில் செருப்புச் செய்து பெரிய ஆளானவரைப் பார்த்தோம், துருக்கியில் கம்பளக்காரரைப் பார்த்தோம், கொரியாவில் பொத்தான் விற்றே மாளிகை கட்டிய அம்மையாரைப் பார்த்தோம். ஊர்தான் வேறு, கதை ஒன்றுதான். சின்ன வயதில் கஷ்டம், ஒரு நாள் ஒரு யோசனை, அப்புறம் ஆளே இல்லாத தொழிற்சாலையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக ஒரு நடை. பிரேசில்காரர் அப்படி நடந்து வந்தபோது அக்கா சோற்றுக் கையோடு நிமிர்ந்து பார்த்தார்.

“ஏ அம்மணி, இத்தாச்சோட்டுப் பெரிய கட்டடத்துல ஒருத்தருகூட வேலைக்கு வரலையாட்ட இருக்குது? அத்தன செருப்பையும் இவரேவா தெச்சாரு?”

நாங்கள் சிரித்தோம். அந்தக் கேள்வி எங்கள் கூடத்துக்கே வரும் என்று அப்போது தெரியவில்லை.

போன ஆவணியில் அந்தத் தொடர்க்காரர்கள் எங்கள் முதலாளியையே படம் பிடிக்க வந்தார்கள். நாமக்கல் முட்டையை நாற்பது நாடு பார்க்கப் போகிறது என்றால் எங்களுக்கும் பெருமைதானே? கூடத்தைக் கழுவிவிட்டோம், மாவிலை கட்டினோம். படப்பிடிப்புக்கு முதல் நாள் மதியம் முதலாளி ஏழாம் மேசைக்கு வந்தார்.

“உண்ணாமலை, அந்த முட்டைய உருட்டிக் காதுல கேப்பியல்ல, அத எனக்குக் கொஞ்சம் சொல்லிக்குடு.”

“அதுக்கென்னுங்க, வாங்க. அமுக்கக்கூடாதுங்க. பச்சப்புள்ளத் தலையப் புடிக்கறாப்பல புடிக்கோணுங்க.”

பதினோரு முட்டை உடைந்தது. முதலாளியின் வெள்ளைச் சட்டை மஞ்சளாகிவிட்டது. அக்கா தன் தோள் துண்டாலேயே துடைத்துவிட்டு, பன்னிரண்டாவது தடவை அவர் கையோடு தன் கையை வைத்து உருட்டிக் காட்டினார். ‘டிக்’ என்று கேட்டதும் முதலாளி சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். முதலாளியைக் கெட்டவர் என்று நாங்கள் சொல்லவரவில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்தான். கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டார் என்பதுதான் எங்கள் கோபம்.

மறுநாள் காலை இயக்குநர் தர்ஷன் சென்னையிலிருந்து வந்து இறங்கினார். கூடத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு ஏழாம் மேசைக்கு முன்னால் நின்றார். ஜன்னல் வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழுகிறதாம். அக்காவை மேலும் கீழும் பார்த்தார். எங்கள் எல்லார் காதிலும் விழும்படியே மேலாளரிடம் சொன்னார்.

“சார், இந்த இடம் ஓகே. இந்தம்மா வேண்டாம். ரொம்ப வயசாத் தெரியுது. மாடர்ன் யூனிட்னு காட்டணும்ல.”

மேலாளர் சபரிநாதன் அவர்கள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. “உண்ணாமலை, நீ இன்னைக்கு ஊட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வா” என்றார். முப்பத்தொரு வருடத்தில் விரல்விட்டு எண்ணும்படி விடுப்பு எடுத்தவரை, ஓரத்தில் கிடக்கும் உடைந்த நாற்காலியை நகர்த்துவது போல வெளியே நகர்த்தினார்கள். அக்கா மேசையைத் துடைத்து, விளக்கை அணைத்துவிட்டு, “வாரேன் கண்ணுகளா” என்று சொல்லி டவுன் பஸ் ஏறிப் போய்விட்டார். அன்று காலை தலையில் கனகாம்பரம் வைத்து, தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார் அவர். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எங்களுக்கு வயிறு எரிகிறது.

ஏழாம் மேசையில் சூரமங்கலத்திலிருந்து அழைத்துவந்த மோனிஷா என்ற கல்லூரிப் பெண்ணை உட்கார வைத்தார்கள். வெள்ளைக் கோட்டு, கையுறை, காதை மூடும் தொப்பி. அந்தப் பெண்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மதியம் எங்களோடு தரையில் உட்கார்ந்து புளிசோறு சாப்பிட்டாள். “அக்கா, எது நல்ல முட்டைன்னு எனக்குத் தெரியவே இல்லக்கா. சும்மா எடுத்து அடுக்கிட்டு இருக்கேன்” என்று அவளே எங்களிடம் சொன்னாள். அவள் அடுக்கியது போதாதென்று, பின்னணி அழகாக இருக்கட்டும் என்று படக்காரர்களும் அட்டை அட்டையாக அடுக்கினார்கள். ஒரு தடவை எடுத்தது பிடிக்கவில்லை என்று கலைத்தார்கள், மறுபடி அடுக்கினார்கள். அந்த முட்டைகள் அன்று பட்ட பாட்டைக் கோழி பார்த்திருந்தால் முட்டையிடுவதையே நிறுத்தியிருக்கும்.

மாலை ஐந்து மணி. ஆறுக்குள் கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். மேலாளர் ஓடிவந்தார். “மேசமேல இருக்கறத எல்லாம் பொட்டில போடுங்க, சீட்டு வையுங்க, லாரி நிக்குது!” ஏழாம் மேசையில் ஒன்பது பெட்டி முட்டை இருந்தது. பார்க்காத முட்டை என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் எங்கள் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: அலங்கரித்துக்கொண்டு வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், நாளும் போய்விடக் கூடாது. அந்த ஒன்பது பெட்டியிலும் ஏழாம் எண் சீட்டை எழுதி நாங்களே போட்டோம். அக்காவுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துப் போட்டோம். அவர் இருந்தால் ஒருமுறை திறந்து பார்ப்பாரே, அதைச் செய்ய ஆளில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. எங்களை விடப் பெரிய மடச்சிகள் இந்த மாவட்டத்தில் உண்டா?

இருபத்தைந்தாம் நாள் செய்தி வந்தது. ஒன்பது பெட்டிகள் கீறி, ஒழுகி, பக்கத்துப் பெட்டிகளையும் நாறடித்ததால், அக்கரையில் கன்டெய்னரையே நிராகரித்துவிட்டார்கள். ஒன்பதிலும் ஏழாம் எண். மேலாளர் உண்ணாமலை அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வருகை ஏட்டில் கையெழுத்து வாங்கப் போன சரிதா வாசலில் நின்றிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. அவள் காதில் விழுந்ததை ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் இங்கே எழுதுகிறோம்.

“உண்ணாமலை, நீ அன்னைக்கு இல்ல. எனக்கே தெரியும். அப்ப உன் சீட்ட யாரு போட்டா? பேரைச் சொல்லு. அத்தன பேரையும் இன்னைக்கே ஊட்டுக்கு அனுப்பிடறேன். சொல்லலீன்னா, பாத்தது நாந்தான், காது சரியாக் கேக்கலன்னு நீ எழுதிக் கையெழுத்துப் போடு. உனக்கு என்ன, இன்னும் மூணு மாசந்தான.”

அக்கரையிலிருந்து வந்த சீட்டின் படத்தை அக்கா கையில் வாங்கிப் பார்த்தார். எழுத்தைப் பார்த்ததும் யார் எழுதியது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் பதினான்கு பேர் கையெழுத்தும் அவருக்கு அத்துப்படி. பிறகு அக்காவின் குரல் கேட்டது.

“பாத்தது நாந்தானுங்க. காது கேக்கலீங்க. பேனாவக் குடுங்க.”

அவையோரே, அவசரப்பட்டு முட்டையைப் பெட்டியில் போடச் சொன்னவர் மேலாளர். ஆளை வெளியே அனுப்பியவர் மேலாளர். சீட்டைப் போட்டவர்கள் நாங்கள். குற்றவாளி என்று கையெழுத்துப் போட்டவர் மட்டும் அன்று கூடத்திலேயே இல்லாத உண்ணாமலை! இதற்குப் பெயர் விசாரணை என்றால் நாங்கள் இனி அந்தச் சொல்லையே வாயில் வைக்கமாட்டோம்.

அன்று சாயங்காலமே நாங்கள் எல்லாரும் உள்ளே போய் உண்மையைச் சொல்லிவிடப் புறப்பட்டோம். அக்கா கூடத்தின் வாசலை மறித்து நின்றார். அவ்வளவு கோபத்தில் அவரை நாங்கள் பார்த்ததில்லை.

“ஒரு வார்த்த பேசுனீங்க, அப்பறம் எம்பட மூஞ்சீல முழிக்காதீங்க. ரஞ்சிதாளுக்குக் கைப்புள்ள இருக்குது. சரிதா ஊட்டுக்காரரு சங்ககிரில லாரிலருந்து உழுந்து காலு முறிஞ்சு கெடக்கறாரு. எனக்கு மூணு மாசம் சாமி. உங்களுக்கெல்லாம் இன்னும் முப்பது வருசம் இருக்குது. போய் வேலையப் பாருங்க.”

நாங்கள் மேசைகளுக்குத் திரும்பினோம். பயந்தும் போனோம் என்பதை மறைத்துப் பயனில்லை. அவர் போட்ட தடையை நாங்கள் மதித்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். உள்ளபடி சொன்னால், அந்தத் தடை எங்களுக்கு வசதியாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது? மேலாளர் காது விஷயத்தைக் கம்பெனி முழுக்கப் பரப்பிவிட்டார். அக்காவை ஏழாம் மேசையிலிருந்து எடுத்து அட்டை கட்டும் மூலைக்கு மாற்றினார்கள். வாட்ச்மேன் முதல் கணக்கர் வரை அவரிடம் கத்திப் பேச ஆரம்பித்தார்கள். முதலாளி அவர்களே, தாங்களும்தான். ஒவ்வொரு நாளும் காரிலிருந்து இறங்கியதும், “உண்ணாமலை! நல்லா இருக்கியா! கேக்குதா!” என்று பாசத்தோடு கூவினீர்கள். பத்தடி தூரத்தில் வரும்போதே தங்கள் செருப்புச் சத்தத்தை வைத்துத் தங்களை அடையாளம் கண்டு எழுந்து நிற்பவரிடம் கூவினீர்கள். “கேக்குதுங்க” என்று அவர் மெதுவாகச் சொன்னார். தங்களுக்குத்தான் அது கேட்கவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் தேநீர் நேரத்தில் அக்கா தன் பழைய மேசைப் பக்கம் வந்தார். சரிதா அடுக்கிக்கொண்டிருந்த அட்டையிலிருந்து மூன்று முட்டைகளை எடுத்து உருட்டினார். காதருகே கொண்டுபோய் மறுபடி உருட்டினார். மூன்றாம் முறையும் உருட்டினார். பிறகு, “சரிதா, இது நல்லதுதானே?” என்று கேட்டார். முப்பத்தொரு வருடத்தில் அவர் எங்கள் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. தான் சொன்ன பொய்யை ஊரே திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரையே நம்பவைக்கப் பார்த்தது. சரிதா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க சம்பாதித்ததைக் கண்ணெதிரே பிடுங்கிக்கொண்டிருந்தோம், அதில் எங்கள் கையும் இருந்தது.

போன மாதம் அந்தப் பகுதி ஒளிபரப்பானது. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரும் பார்த்தோம். முதலாளி ஆளில்லாத நம் கூடத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். மூன்று முட்டையைக் கையில் எடுத்து உருட்டினார். “சின்ன வயசிலிருந்தே ஒவ்வொரு முட்டையையும் என் காதாலதான் தரம் பார்ப்பேன். என் காது, என் தரம்” என்றார். பின்னணியில் வயலின் வாசித்தார்கள். அட்டை மூலையிலிருந்து வந்து அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லாத்தான் உருட்டறாரு. அமுக்கல” என்று மட்டும் சொல்லிவிட்டு டிபன் பாத்திரத்தைக் கழுவப் போனார்.

ஆனால் அவையோரே, பதினோராவது நிமிடத்தில் இன்னொன்றும் வந்தது. ஏழாம் மேசை திரை நிறையத் தெரிந்தது. மேசையில் எண் தெரிந்தது. சுவர்க் காலண்டரில் தேதிகூடத் தெரிந்தது. அங்கே உட்கார்ந்து, காதை மூடிய தொப்பியோடு முட்டை அடுக்கியவர் மோனிஷா. ஒன்பது பெட்டிகளின் சீட்டில் இருந்த அதே தேதி. நாற்பது நாடு பார்த்தது, பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை. விருந்துக்குப் பிறகு அந்தப் பகுதியை இந்த மேடைத் திரையில் போடப்போகிறார்கள். முதலாளி அவர்களே, தங்களைப் பார்த்து முடித்ததும் அந்த மேசையையும் ஒருமுறை பாருங்கள். என் கூடத்தில், என் படத்தில், ஏழாம் மேசைக்காரி எங்கே போனாள் என்று மேலாளரிடம் கேளுங்கள். ஆவணியில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

எங்கள் வேண்டுகோள் பெரிதில்லை. அந்தப் பொன்னெழுத்து மடல் அக்காவின் வீட்டுக்குப் போகக் கூடாது. அவர் கையெழுத்துப் போட்ட மெமோவைக் கோப்பிலிருந்து எடுத்து இந்த மேடையிலேயே கிழித்துப்போட வேண்டும். ஒன்பது பெட்டிக்கு யாராவது பொறுப்பேற்றாக வேண்டுமென்றால், புதிய மெமோக்களில் எங்கள் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். வேலைக்கு வர வேண்டாம் என்றால் நாளையிலிருந்து வரமாட்டோம். கைக்குழந்தைக்காரி ரஞ்சிதாவும் இதற்குச் சம்மதித்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. அது முடிந்த பிறகு பொன்னாடை போர்த்துங்கள். அதுவரை அது தட்டிலேயே இருக்கட்டும்.

உண்ணாமலை அக்கா! இப்போது உங்களிடம் பேசுகிறோம். நீங்கள் எங்களை முறைத்துக்கொண்டிருப்பது தெரிகிறது. பேசினால் முகத்தில் முழிக்காதே என்றீர்கள். முப்பத்தொரு வருடத்தில் நீங்கள் சொன்னதை நாங்கள் மீறுவது இதுதான் முதல் தடவை. உங்கள் காது தவறவே இல்லை அக்கா. அந்த முட்டைகள் உங்கள் காதுக்கு வரவே இல்லை. தவறியது எங்கள் புத்தி, பிறகு எங்கள் துணிச்சல். உடல் நலமும் உள்ள நலமும் ஓங்க, கண்ணும் செவியும் கடைசிவரை துலங்க, நூறாண்டு நீங்கள் நிமிர்ந்து வாழ வேண்டும். யாரும் உங்களிடம் கத்திப் பேசக் கூடாது.

இவண்,
உங்கள் சீட்டை உங்களைக் கேட்காமல் ஒன்பது பெட்டியில் போட்டுவிட்டு, மூன்று மாதம் வாய் திறக்காமல் இருந்த

சரிதா, ரஞ்சிதா, மதுமதி, நித்யஸ்ரீ, குப்பாயி
மற்றும் ஒன்பது பேர்,
தரம்பிரிக்கும் கூடம்